கேட்டவரும் சொன்னவரும்: தரங்கம்பாடி முதல் முதலூர் வரை

தமிழகத்தில் சீர்திருத்தக் கிறிஸ்தவம் பரவிய வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் எழுதியிருக்கிறார்கள். ஒரு தரப்பினருக்கு அது தியாகிகளின் கதை. கடல் கடந்து வந்த புனிதர்கள் இருளில் கிடந்த மக்களுக்கு ஒளி காட்டிய கதை. மறுதரப்பினருக்கு அது துப்பாக்கியின் நிழலிலும் ரொட்டித் துண்டின் கவர்ச்சியிலும் நடந்த மதமாற்றத்தின் கதை. இரண்டிலும் தமிழன் பேசுவதில்லை. முதல் கதையில் அவன் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறான். இரண்டாவதில் ஏமாந்துகொண்டு மட்டும் இருக்கிறான். ஆனால் ஆவணங்களைப் புரட்டும்போது தென்படுவது வேறு. அங்கே தமிழர்கள் ஓயாமல் பேசுகிறார்கள், மறுக்கிறார்கள், கேலி செய்கிறார்கள். அந்தப் பேச்சு எங்கே உண்மையாக நடந்தது, அதிலிருந்து எது விளைந்தது என்பதே இக்கட்டுரையின் அக்கறை.

1706 ஜூலை 9 அன்று பார்த்தலோமேயு சீகன்பால்க், ஹென்றிக் புளுட்சாவ் என்ற இரண்டு ஜெர்மானிய இளைஞர்கள் தரங்கம்பாடியில் வந்திறங்கினார்கள். அனுப்பியவர் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக். ஆகவே அரசின் அரவணைப்பு அவர்களுக்குக் கிடைத்திருக்கும் என்று எண்ணத் தோன்றும். நடந்தது நேர்மாறானது. கோட்டையிலிருந்த கம்பெனி அதிகாரிகள் அவர்களைத் தொல்லையாகவே பார்த்தார்கள். ஒரு விதவையின் கடன் வழக்கில் தலையிட்டு எழுதியதன் தொடர்ச்சியாக 1708 நவம்பரில் சீகன்பால்க் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். நான்கு மாதம் கழித்தே விடுதலை. அடைத்தவர் டேனிஷ் தளபதி ஹாசியஸ். தஞ்சை மன்னர் அல்லர். அரச அதிகாரமும் மதப் பரப்பும் கைகோத்தே வந்தன என்ற எளிய சூத்திரம் தொடக்கத்திலேயே இங்கு இடறுகிறது.

அக்காலக் கரையோர ஐரோப்பியர்களுக்குப் பொது மொழி போர்த்துகீசியம். புளுட்சாவ் அதில் கவனம் செலுத்த, சீகன்பால்க் தமிழைத் தேர்ந்தெடுத்தார். வயதான ஒரு வாத்தியாரை அழைத்துத் தம் வீட்டிலேயே திண்ணைப் பள்ளி நடத்தச் செய்து, பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து மணலில் எழுத்துகளை எழுதிப் பழகினார். எழுத்து வந்தது, பொருள் வரவில்லை. வாத்தியாருக்குப் போர்த்துகீசியம் தெரியாது, மாணவருக்குத் தமிழ் தெரியாது. அந்த முட்டுச்சந்தில்தான் அழகப்பன் வருகிறார். ஐரோப்பியப் பதிவுகளில் 'அலெப்பா' என்று காணப்படுபவர். டேனிஷ் கம்பெனியின் தலைமைத் துபாஷியாக இருந்தவர்; போர்த்துகீசியம், டேனிஷ், டச்சு, ஜெர்மன் ஆகிய மொழிகளை அறிந்தவர். சீகன்பால்கின் தமிழ் என்று நாம் இன்று பேசுவதில் பெரும்பகுதி அழகப்பனின் கொடை. அதற்காக அவர் கொடுத்த விலையும் உண்டு. கோட்டையின் பகைக்கு ஆளாகி ஊரைவிட்டே வெளியேற நேர்ந்தது. அவர் கிறிஸ்தவராகவில்லை.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். மதம் மாற்ற வந்தவர் ஒருவரோடு மதம் மாறாத ஒருவர் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து சொல் சொல்லாகத் தம் உலகத்தை விளக்கியிருக்கிறார். சம்பளத்துக்கான வேலை மட்டும்தானா அது? வெளியேற்றப்பட்ட பிறகும் கடிதத் தொடர்பு நின்றுவிடவில்லை என்பதைப் பார்க்கும்போது அப்படிச் சொல்லத் தோன்றவில்லை.

தமிழ் கைவந்ததும் சீகன்பால்க் செய்த முதல் பெரிய காரியம் போதனை அல்ல, வாசிப்பு. தம் எழுத்தர்களை ஊர் ஊராக அனுப்பி ஓலைச்சுவடிகளை வாங்கினார். 1708இல் அவர் தொகுத்த நூற்பட்டியலில் இந்து சமயத்தார் படைப்புகளாக மட்டும் 119 நூல்கள் உள்ளன. தொல்காப்பியமும் திருக்குறளும் அவற்றில் அடக்கம். சிவவாக்கியர் மீது அவருக்குத் தனி ஈடுபாடு. விக்கிரக வழிபாட்டைச் சாடும் சித்தர் பாடல்களில் தம் கட்சிக்குச் சாட்சி கிடைத்த மகிழ்ச்சி அது. அதே ஆண்டில் உலகநீதி, கொன்றைவேந்தன், நீதிவெண்பா மூன்றையும் ஜெர்மனில் பெயர்த்தார். தமிழருக்கு ஒழுங்கான மொழியோ ஒழுக்க நெறியோ இருக்காது என்ற ஐரோப்பிய எண்ணத்துடன்தான் தானும் வந்ததாகவும், நூல்களைப் படித்த பின் அது தகர்ந்ததாகவும் அவரே எழுதியிருக்கிறார். (அவருடைய தமிழ் நடை பற்றி வீரமாமுனிவர் பின்னர் செய்த கிண்டல் தமிழறிஞர்களிடையே பிரசித்தம். மொழிநயத்தை மட்டும் பார்த்தால் வீரமாமுனிவர் பக்கம்தான் நியாயம். ஆனால் அது வேறு வழக்கு.)

1712க்கும் 1714க்கும் இடையில் சீகன்பால்கும் அவருடைய தோழர் குருண்ட்லரும் இன்னும் துணிச்சலான ஒன்றைச் செய்தார்கள். கேள்விகளை எழுதித் தமிழ் அறிஞர்களுக்கும் அறிமுகமானவர்களுக்கும் அனுப்பி, எழுத்தில் விடை கேட்டார்கள். தெய்வங்கள், மறுபிறப்பு, திருமணம், மருத்துவம், பயிர்த்தொழில் என்று எதையும் விடவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கள் மதத்தை ஏன் ஏற்க மறுக்கிறீர்கள் என்றும் கேட்டார்கள். வந்த விடைகளில் 99 கடிதங்கள் ஜெர்மனில் பெயர்க்கப்பட்டு, ஹாலே நகர மிஷன் அறிக்கைகளில் 1714இலும் 1717இலும் இரண்டு பகுதிகளாக அச்சாயின. எழுதியவர் பெயர்கள் அச்சில் இல்லை. தமிழ் மூலம் நமக்கு எஞ்சவில்லை; பல கடிதங்களுக்குப் பின்னால் அழகப்பனின் கை இருக்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அக்கடிதங்களின் தொனிதான் வியப்பளிப்பது. பணிவும் இல்லை, பகையும் இல்லை. நீங்கள் பசுவைக் கொன்று தின்கிறீர்கள், குடித்து வெறிக்கிறீர்கள், உடற்சுத்தம் பேணுவதில்லை, போதிப்பதை நடப்பதில்லை, பிறகு எங்கள் மக்கள் எப்படி உங்கள் மார்க்கத்தை மதிப்பார்கள் என்று நேரடியாகச் சொல்கிறார்கள். ஒவ்வொரு மக்களுக்கும் ஒரு நெறியை இறைவன் வகுத்திருக்கிறான், அதில் ஒழுங்காக நடப்பவர் கரையேறுவர் என்று வாதிடுகிறார்கள். இவ்வளவையும் சீகன்பால்கும் குருண்ட்லரும் பெயர்த்துத் தம்மை ஆதரிக்கும் பக்தர்களுக்கே அனுப்பி அச்சிடச் செய்தார்கள். ஆங்காங்கே மறுப்புக் குறிப்புகளும் சேர்த்தார்கள் என்பது உண்மை. இருந்தாலும் மறுப்பவனின் குரலை அடக்கிவிடவில்லை.

இதை நேர்மையான உரையாடல் என்று கொள்ளலாமா? நட்பு ஒரு தூண்டில் என்றால் அது நட்பா? மதப் பரப்பு பற்றிய எந்த விவாதத்திலும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. 1713இல் தரங்கம்பாடி அச்சகத்தில் முதலில் அச்சான தமிழ்ச் சிறுநூல், தமிழரின் சமயத்தை 'அக்கியானம்' என்று பழிப்பது. அதை எழுதியவரும் சீகன்பால்க்தான். அதே ஆண்டில்தான் அதே மனிதர் கடிதங்களும் எழுதிக்கொண்டிருந்தார். இதை இரட்டை வேடம் என்று ஒருவர் சொல்லக்கூடும். எனக்கு அப்படிப் படவில்லை. அவர் தம் நோக்கத்தை ஒருபோதும் மறைக்கவில்லை. எதிரில் இருந்தவர்களுக்கு அவர் எதற்காக வந்திருக்கிறார் என்பது நன்றாகத் தெரியும், தெரிந்தே பேசினார்கள். தூண்டில் என்பது புழுவுக்குள் முள்ளை மறைப்பது. இங்கே முள் வெளியே தெரிந்தது.

அந்த உரையாடல் அவரையும் மாற்றியது என்பதற்குச் சான்று உண்டு. 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளியை விரிவான நூலாக எழுதி ஹாலேக்கு அனுப்பினார். புறச்சமயத்தை வேரறுக்கத்தான் உங்களை அனுப்பினோம், அதன் அபத்தங்களை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்ற பொருள்பட அங்கிருந்த பிராங்கே மறுத்துவிட்டார். அந்த நூல் 1867இல் சென்னையில்தான் அச்சேறியது. ஆசிரியர் 1719 பிப்ரவரி 23 அன்றே, 36 வயதில், தரங்கம்பாடியில் இறந்துவிட்டிருந்தார்.

சரி, இத்தனை உரையாடலால் சபை வளர்ந்ததா? கணக்கு பார்ப்பவர்களுக்கு ஏமாற்றமே. கடிதம் எழுதிய அறிஞர்கள் மதம் மாறவில்லை. அவர் இறக்கும்போது சபை சில நூறு பேர்களைத் தாண்டவில்லை. கேட்டவருக்கு அறிவு கிடைத்தது. சபை வளர்ச்சிக்கு வேறொரு வகை உறவு தேவைப்பட்டது. அதை எந்த ஐரோப்பியராலும் தர முடியவில்லை.

அதைத் தந்தவர்கள் உபதேசியார்கள். கடலூர் ஆறுமுகம் 1718இல் ஆரோன் என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்றார். 1733 டிசம்பர் 28 அன்று குருப்பட்டம் பெற்று இந்தியாவின் முதல் சீர்திருத்தச் சபைக் குருவானார். தஞ்சைப் படையில் சேவகராக இருந்த ராஜநாயக்கன், தரங்கம்பாடியில் அச்சான நற்செய்தி நூல் கைக்குக் கிடைத்து அதைப் படித்தே வந்து சேர்ந்தவர்; தஞ்சைச் சீமையில் சபைகள் உருவாக அவரே முதல் காரணம். இவர்கள் யாரிடமும் கேள்வித்தாள் அனுப்பவில்லை. தம் அண்ணன் தம்பியிடம், மாமன் மச்சானிடம் பேசினார்கள்.

இந்த வழியின் முழு வீச்சையும் காண நாம் எட்டுப் பத்து ஆண்டுகள் அல்ல, முக்கால் நூற்றாண்டு தள்ளி, தஞ்சையிலிருந்து தெற்கே திருநெல்வேலிக்குப் போக வேண்டும். 1778இல் பாளையங்கோட்டையில் சுவார்ட்ஸ் ஐயர் ஒரு மராட்டிப் பிராமண விதவைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அவரே கிளாரிந்தா. அ. மாதவையா 1915இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவலால் இலக்கிய வாசகர்களுக்கும் அறிமுகமானவர். 1780ஆம் ஆண்டுச் சபைப் பதிவேட்டில் 40 பெயர்கள் உள்ளன. கிளாரிந்தாவின் பெயர் முதலில். சுவார்ட்ஸ் அனுப்பிய சத்தியநாதன் அங்கே உபதேசியாராகி 1790இல் குருப்பட்டமும் பெற்றார். அதுவரை அது கோட்டையைச் சுற்றியிருந்த ஒரு சிறு சபை.

1796இல் தாவீது சுந்தரானந்தம் என்ற நாடார் இளைஞர் சத்தியநாதனுக்கு உதவியாக வந்தார். ஊரைவிட்டுப் போய்த் தஞ்சையில் கிறிஸ்தவரானவர். இப்போது திரும்பி வருகிறார். அவர் நேரே போனது சாத்தான்குளம் பக்கம், விஜயராமபுரத்திலிருந்த தம் உறவினர்களிடம். 1797இல் சண்முகபுரத்தில் சில குடும்பங்கள் ஞானஸ்நானம் பெற்றன. அடி உதையும் கோவில் எரிப்பும் தொடர்ந்தபோது, 1799இல் நிலம் வாங்கித் தனிக் குடியிருப்பு ஒன்றை அமைத்தார். அதுதான் முதலூர். அடுத்த மூன்றாண்டுகளுக்குள், 1802-03இல், ஆயிரக்கணக்கானோர் ஊர் ஊராகச் சேர்ந்தார்கள். தரங்கம்பாடியில் ஒரு நூற்றாண்டு முயன்றும் நிகழாதது இது.

பாளையப் போர்களின் கொந்தளிப்பில் பாதுகாப்பு தேடித்தானே வந்தார்கள் என்பது நியாயமான கேள்வி. அதுவும் ஒரு காரணமே. பின்னர் கொள்ளைநோய்க் காலத்தில் பலர் பழைய தெய்வங்களிடம் திரும்பிப் போனார்கள். ஆனால் 1806க்குப் பின் பத்தாண்டுகள் அந்தச் சபைகளைப் பார்க்க ஐரோப்பிய மிஷனரி எவரும் அங்கே தங்கியிருக்கவில்லை. 1816இல் ராணுவக் குருவாகப் பாளையங்கோட்டைக்கு வந்த ஜேம்ஸ் ஹவ், முதலூரிலும் நாசரேத்திலும் சபைகள் உயிரோடிருப்பதைக் கண்டார். பணமோ பாதுகாப்போ தர யாருமில்லாத காலத்தில் அவற்றைப் பிடித்துவைத்தது உறவுதான்.

உறவு கதவாக இருந்த இடத்திலேயே சுவராகவும் நின்றது. ராஜநாயக்கன் பறையர். குருப்பட்டத்துக்கு அவரைவிடத் தகுதியானவர் இல்லை என்று அறிந்தும், அவர் கையால் மற்றச் சாதிக் கிறிஸ்தவர்கள் நற்கருணை வாங்கமாட்டார்கள் என்று அஞ்சி, 1741இல் மிஷனரிகள் தியோகு என்பவருக்கு அதை அளித்தார்கள். எதிராளியின் வசையைக் கூசாமல் அச்சிட்ட மிஷன், தன் சொந்தச் சபையாரிடம் ஒரு கேள்வி கேட்கத் துணியவில்லை. இது அந்த வரலாற்றின் மிக இருண்ட பக்கம் என்பேன். மாமன் மச்சான் வழியே பரவிய செய்தி மாமன் மச்சானுக்குள்ளேயே நின்றும் போயிற்று.

நூறாண்டு கழித்துக் கேள்வி கேட்கப்பட்டபோது அது கட்டளையாக வந்தது. 1833இல் ஆயர் டேனியல் வில்சன் சபையில் சாதி வேற்றுமை உடனே ஒழிய வேண்டும் என்று எழுதினார். நியாயத்தில் அவர் பக்கம் எந்தக் குறையும் இல்லை. ஆனால் தஞ்சை வேளாளக் கிறிஸ்தவர்களுடன் உட்கார்ந்து பேசிய சுவார்ட்ஸின் காலம் முடிந்துவிட்டிருந்தது. பலர் வெளியேறினார்கள், பின்னாளில் சாதி விஷயத்தில் இணக்கம் காட்டிய லைப்சிக் மிஷனில் சேர்ந்தார்கள்.

அதற்கு முன்பே, 1829 வாக்கில், இதே பூசலில் தஞ்சை மிஷன் பணியை இழந்தவர் சுவார்ட்ஸின் மாணவர் வேதநாயகம் சாஸ்திரியார். பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். சாதி வழக்கங்களை விடமாட்டேன் என்று நின்றவர். அந்த நிலையை நாம் ஏற்க முடியாது. கிறிஸ்தவ மிஷன் கைவிட்ட அந்தக் கிறிஸ்தவக் கவிஞரைத் தம் அவையில் புலவராக வைத்துக்கொண்டவர் இரண்டாம் சரபோஜி மன்னர். அவரும் சிறுவயதில் சுவார்ட்ஸின் பாதுகாப்பில் வளர்ந்தவர், அவரைத் தந்தையாக மதித்தவர், அவர் நினைவாகத் தஞ்சைத் தேவாலயத்தில் ஃபிளாக்ஸ்மனின் பளிங்குச் சிற்பத்தை நிறுவியவர். கடைசிவரை சைவராகவே வாழ்ந்து 1832இல் இறந்தார்.