மகிழடிச் சத்தியமும் இருபது ரூபாய்ப் பத்திரமும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் காலடிப்பேட்டை வீட்டுக்கு என் பழைய மாணவி ஒருத்தி வந்தாள். பெயர் வேண்டாம், அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அவளுடைய முதல் திருமணம் கோர்ட்டில் முறையாக முடிந்தது. பிறகு, தன்னைப் போலவே விவாகரத்தானவர் என்று நம்பி ஒருவரோடு பதினோரு வருடம் குடும்பம் நடத்தினாள். தாலி இல்லை, பதிவும் இல்லை. இரண்டு பிள்ளைகள். இப்போது பிரிகிறார்கள். செலவுக்குப் பணம் கேட்டதற்கு அவர் சொன்னாராம்: "என் முதல் கல்யாணம் சட்டப்படி இன்னும் முடியல. நீ எதுவும் கேட்க முடியாது." அவருடைய விவாகரத்து, ஊர்ப் பஞ்சாயத்தில் இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதிக்கொண்டதாம்.

"இப்படியும் சட்டம் இருக்கா டீச்சர்?" என்றாள். சரித்திரம் நடத்தியவளிடம் கேட்டால் சரித்திரத்தில்தானே தொடங்குவேன்!

நம் திருவொற்றியூர்க் கோயில் மகிழ மரத்தை எல்லோரும் சுற்றி வந்திருக்கிறோம். திருவாரூரில் பரவையாரை மணந்திருந்த சுந்தரர், இங்கே சங்கிலியாரையும் மணந்தார். 'பிரியமாட்டேன்' என்று சத்தியம் கேட்டார்கள். சன்னதியில் சத்தியம் செய்கிறேன், அந்த நேரம் நீர் மகிழ மரத்தடிக்குப் போய்விடும் என்று சிவனிடமே ஏற்பாடு செய்தார் சுந்தரர். விஷயம் தெரிந்துகொண்ட சங்கிலியார் தரப்பு, சத்தியம் மகிழடியில்தான் என்றது. வேறு வழியின்றி அங்கேயே சத்தியம் செய்து, பிறகு அதை மீறி ஊர் எல்லையைத் தாண்டினார்; கண் போயிற்று. பெரியபுராணம் சொல்லும் கதை. வகுப்பில் இதை நான் பக்திக் கதையாகத்தான் சொல்லியிருக்கிறேன். இப்போது யோசித்தால், சத்தியம் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று அந்தப் பெண் முன்கூட்டியே பார்த்துக்கொண்டதுதான் பெரிதாகத் தெரிகிறது.

சட்டத்துக்கு வருகிறேன். இந்து ஆண் ஒரு மனைவி இருக்கும்போதே இன்னொருத்தியை மணக்க முன்பு தடை இல்லை. சென்னை மாகாணம் 1949-இலேயே இருதார மணத்தைத் தடுத்து, விவாகரத்துக்கும் வழி செய்தது. நாடு முழுவதற்குமான இந்து திருமணச் சட்டம் 1955-இல்தான் வந்தது. அதன் 29-ஆவது பிரிவு, வழக்கத்தால் ஏற்கப்பட்ட மணமுறிவைக் கைவிடவில்லை. சில சமூகங்களில் 'தீர்த்துவிட்டு' வேறு மணம் செய்வது பழைய வழக்கம்தானே. ஆனால் அப்படி ஒரு வழக்கம் தங்கள் சமூகத்தில் உண்டு என்று நிரூபிக்க வேண்டும். வெறும் பத்திரம் போதாது.

2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 'திருமணத்தைப் போன்ற உறவில்' வாழ்ந்த பெண்ணும் பண உதவியும் குடியிருக்கும் உரிமையும் கேட்கலாம் என்றது. அது எந்த உறவு? நம் கோயம்புத்தூரிலிருந்து போன வேலுசாமி – பச்சையம்மாள் வழக்கில், 2010 அக்டோபர் 21 அன்று உச்சநீதிமன்றம் அளவுகோல் வகுத்தது. ஊரறியத் தம்பதியாக வாழ்ந்திருக்க வேண்டும். கணிசமான காலம் சேர்ந்திருக்க வேண்டும். இருவரும் மணம் செய்யத் தகுதி உள்ளவர்களாக, அதாவது வேறு திருமணப் பந்தம் இல்லாதவர்களாக இருக்க வேண்டும். அந்தத் தீர்ப்பில் 'வைப்பு' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் இருந்ததை அன்றைய கூடுதல் சொலிசிட்டர் ஜெனரல் இந்திரா ஜெய்சிங் கண்டித்தார். சரியாகத்தான் கண்டித்தார்.

அமெரிக்க நடிகர் லீ மார்வின் வழக்கையும் அந்தத் தீர்ப்பு பேசுகிறது. மணமாகாமல் சேர்ந்து வாழ்ந்தவரும் ஒப்பந்தத்தின் பேரில் பணம் கேட்கலாம் என்று 1976-இல் கலிபோர்னியா உச்சநீதிமன்றம் சொன்னது. உலகமே பேசிய வழக்கு. ஆனால் அந்தப் பெண்ணுக்குக் கீழ்க்கோர்ட் கொடுத்த 1,04,000 டாலரை 1981-இல் மேல்முறையீட்டில் ரத்து செய்துவிட்டார்கள்!

2013-இல் இந்திரா சர்மா வழக்கு. ஆணுக்கு மனைவி உண்டு என்று தெரிந்தே வாழ்ந்த பெண்ணுக்கு நிவாரணம் மறுத்த நீதிபதிகள், இதற்கு நாடாளுமன்றம் சட்டம் யோசிக்க வேண்டும் என்றும் எழுதினார்கள். என் மாணவிக்குத் தெரியாது. விவாகரத்து ஆகிவிட்டது என்றுதான் நம்பினாள். தான் முடிக்காமல் விட்ட திருமணத்தையே ஒருவர் கேடயமாகத் தூக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. அவள் வழக்கு எப்படிப் போகும் என்று நான் சொல்ல முடியாது. அவருடைய சமூகத்தில் அந்த வழக்கம் உண்டா என்பதில் நிறைய இருக்கிறது.

பிள்ளைகள் விஷயம் வேறு. 1898-ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488-ஆவது பிரிவு, 1973-இல் 125 ஆகி, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 144 ஆகியிருக்கிறது. மூன்றிலும், தாயும் தகப்பனும் மணந்தவர்களா இல்லையா என்பதை வைத்துப் பிள்ளையின் ஜீவனாம்சத்தை மறுக்க முடியாது. மாதம் 500 ரூபாய் என்ற உச்சவரம்பும் 2001-இல் போய்விட்டது.

வீடு அவர் பெயரில். அதில் குடியிருக்கக் கேட்கலாம். அதனாலேயே பாதி வீடு அவளுக்கு எழுதப்பட்டுவிடாது. அந்த வீட்டுக்கு அவள் போட்ட பணத்துக்குப் பேங்க் பாஸ்புக்கைத் தேடச் சொன்னேன். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் இருக்கிறது. ரேஷன் கார்டில் நாலு பேரும் இருக்கிறார்கள்.

பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. திங்கட்கிழமை அவளோடு நானும் போகிறேன். அந்தப் பஞ்சாயத்துப் பத்திரத்தின் நகல் கிடைத்தால் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். நம் மாணவர்களில் குடும்ப நல வழக்கு நடத்துகிறவர்கள் யாராவது இருந்தால், ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு போன் பண்ணுங்கள்.