குறுக்கெழுத்துப் புதிரிற் கண்ணியம்

சிலேடை தமிழர்க்குப் புதியதொன்றன்று. காளமேகப் புலவர் பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் அடக்கிப் பாடியதை நம் முதியோர் பலர் மனப்பாடமாகவே ஒப்புவிப்பர். அப்புலவரின் நாவிலிருந்தே கொடிய வசையும் பிறந்தது. ஆயின், இன்னாரை வைகின்றோம் என்பதை அறிந்தே அவர் வைதார். எவரையும் வையக் கருதாது, சொல்விளையாட்டு ஒன்றே நோக்கமாக ஒருவன் எழுதிய வரி பிறர் நெஞ்சைப் புண்படுத்துமாயின் அதற்குப் பொறுப்பாளி யார்? இங்கிலாந்திலே வளர்ந்த இருபொருட் குறுக்கெழுத்துப் புதிரின் வரலாற்றைப் படிக்குந்தோறும் இவ்வினா என்னைத் தொடர்ந்து வருகின்றது.

குறுக்கெழுத்துப் புதிர் 1913 டிசெம்பர் 21ஆந் திகதி 'நியூ யோர்க் வேர்ல்ட்' பத்திரிகையிற் பிறந்தது. அமைத்தவர் லிவர்பூலிற் பிறந்த ஆதர் வின். அக்காலத்துக் குறிப்புக்கள் அகராதிப் பொருளைக் கேட்கும் நேரான குறிப்புக்களே. அவற்றைக் கபடம் நிறைந்த கலையாக்கியவர் ஆங்கிலேயர். அமெரிக்கா இவ்விளையாட்டுக்கு அடிமைப்பட்டுவிட்டதென 1924இல் இகழ்ந்த இலண்டன் 'ரைம்ஸ்' நாளிதழ், 1930 பெப்ரவரி முதலாந் திகதி தானும் ஒரு புதிரை வெளியிட்டது. அதனை அமைத்தவர் ஏட்ரியன் பெல் என்னும் எழுத்தாளர். சஃபோக் பகுதியிற் கமஞ் செய்தவர். அதற்கு முன் அவர் ஒரு புதிரையேனும் விடுவித்ததில்லையாம்! பின்னரோ ஆயிரக்கணக்கில் அமைத்தார்.

அவ்விதழ் நெடுங்காலம் ஒரு விதியைக் காத்து வந்தது. அரியணையில் இருக்கும் முடிமன்னரையன்றி, உயிரோடிருக்கும் எவருடைய பெயரும் புதிரில் இடம்பெறலாகாது என்பதே அது. நல்ல விதிதான். ஆயினும் அது பெயர் பெற்றோரையே காத்தது என்பது என் எண்ணம். பெயர் பெறாத வாசகன் தன் துயரத்தோடு பத்திரிகையை விரிக்கும்போது அவனுக்குக் காவலாக எவ்விதியும் இருக்கவில்லை.

ஒரு குறிப்பின் அமைப்பை விளக்கினால் இது தெளிவாகும். "கழுத்தில் விழும் பொழுது, இரண்டு எழுத்து." விடை: மாலை. கழுத்தில் விழுவதும் மாலை, பொழுதும் மாலை. ஆனால் விடை காணுமுன் படிப்பவன் மனக்கண்ணில் தோன்றுவது பூமாலையா? வாளோ கயிறோ அன்றோ! இக்குறிப்பை நமது சங்கச் சுவர்ப் பத்திரிகைக்கென அமைத்தவன் நானே. அதன் கதையைப் பின்னர் கூறுவேன்.

மேற்பொருள் ஒன்று, உட்பொருள் ஒன்று என்னும் இவ்வமைப்புக்கு நீதி வகுத்தவர் அலிஸ்ரெயர் ரிச்சி. மதகுருவும் பாடசாலைத் தலைமையாசிரியருமான இவர், அரபுக் கதைகளில் வரும் பூதத்தின் பெயரான 'அஃப்ரிட்' என்பதைப் புனைபெயராகப் பூண்டவர். மேற்பொருளில் எவ்வளவும் ஏமாற்றலாம். ஆயின் சொற்களைப் பிரித்துப் பார்க்கும்போது விடை நேர்மையாகக் கிடைத்தல் வேண்டும் என 1949இல் அவர் வரையறுத்தார். 'சிமெனெஸ்' எனப் புனைபெயர் பூண்ட டெரிக் மக்நட் என்னும் ஆசிரியர் 1966இல் ஒரு நூலில் இதனை விரித்து விளக்கினார். விடை காண்போனுக்கு இது பெரும் நீதி என்பதில் ஐயமில்லை. ஆனால் மேற்பொருளை இது வெறும் முகமூடியாக்கிவிட்டது. முகமூடி யாரை அச்சுறுத்திற்று என்பதை எவரும் கேட்கவில்லை.

அப்புனைபெயர்களையே எடுத்துக்கொள்வோம். 'ஒப்சேவர்' இதழில் 1926 முதல் 1939இல் இறக்கும்வரை புதிர் அமைத்த பௌவிஸ் மேதர்ஸ், 'தொர்க்கெமாதா' என்று கையொப்பமிட்டார். (காஷ்மீரத்துப் பில்கணரின் வடமொழிக் காதற் கவிதையை ஆங்கிலத்திற் தழுவியவரும் இவரே, பில்கணன் கதை அறிந்த நம்மவர் மகிழலாம்.) அவருக்குப் பின் வந்த சிமெனெஸ், 1972இல் தொடங்கிய 'அசெட்' ஆகிய பெயர்களும் அதே மரபின. மூன்றும் ஸ்பானிய மத விசாரணை மன்றத்துத் தலைவர்களின் பெயர்கள். மூன்றாவது, 'தெசா' என்பதன் எழுத்துக்களைத் தலைகீழாக்கியது. விடை காண்போரை வதைக்கின்றோம் என்பதே பகிடி. படித்தபோது நானும் சிரித்தேன். பின்னர், போர்த்துக்கேயர் கோவாவில் 1560இல் நிறுவி 1812இல் முற்றாக ஒழித்த விசாரணை மன்றத்தைப் பற்றிப் படித்தேன். தம் முன்னோர் கிரியைகளை இரகசியமாகச் செய்தமைக்காகத் தண்டனை பெற்றோரின் வழித்தோன்றல் ஒருவன் அக்கையொப்பத்தை எப்படிப் படிப்பான்? ஸ்பானியாவிலிருந்து 1492இல் துரத்தப்பட்ட யூதரின் சந்ததியான் எப்படிப் படிப்பான்? மேதர்ஸ் தீயவரல்லர். இலண்டனிலிருந்து பார்க்கையில் அந்நெருப்பு வெகு தூரத்தில் இருந்தது, அவ்வளவே.

கலையின் தேவையே சில வேளை குற்றத்தை விளைவிப்பதும் உண்டு. ஒரு சொல்லின் எழுத்துக்களைக் குலைத்து அடுக்குமாறு கூற, 'குழம்பிய', 'சிதறிய' என்பன போன்ற அறிவிப்புச் சொல் ஒன்று வேண்டும். ஒரு புதிரிலேயே இத்தகையன பல வேண்டும். ஆதலின் பைத்தியம், வெறி, ஊனம் முதலியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களெல்லாம் கருவிப் பெட்டியிற் போடப்பட்டன. சித்தங் கலங்கிய ஒருவரை வீட்டில் வைத்துப் பராமரிப்போர்க்கு அச்சொல் கருவியன்று.

அப்படியாயின் நோயையும் சாவையும் முற்றாக விலக்கிவிடலாமா? 1942 பெப்ரவரியிற் புதிர் வெளியிடத் தொடங்கிய 'நியூ யோர்க் ரைம்ஸ்' இதழின் முதற் புதிராசிரியை மார்கரட் ஃபரார் அம்மையார் இவ்வழியையே மேற்கொண்டார். காலை உணவு மேசையில் அருவருப்பூட்டுவது எதுவும் கட்டங்களுக்குள் நுழையலாகாது என்பது அவர் கொள்கை. எனினும் 2019 ஜனவரி முதலாந் திகதி அதே இதழில், பந்து விளையாட்டைச் சுட்டிய மாசற்ற குறிப்பொன்றுக்கு மெக்சிக்கோ மக்களை இழிவுபடுத்தும் சொல் விடையாக வந்துவிட்டது. ஆசிரியர் மன்னிப்புக் கோர நேர்ந்தது. இங்கே உறுத்தியது மேற்பொருளன்று, விடையே.

விலக்குவது மட்டும் போதாதென்பதற்கு ஜோன் கிரஹாம் சான்று. ஆங்கிலிக்கன் குருவான இவர் 1958 முதல் 'கார்டியன்' பத்திரிகைக்குப் புதிர் அமைத்தவர். 1970 முதல் 'அரவுக்காரியா' என்ற மரப்பெயரைப் பூண்டார். மணவிலக்கினால் குருப்பணியை இழந்தபோது புதிரே அவருக்குச் சோறு போட்டது. 2013 ஜனவரியில், தமது 91ஆம் வயதில், தாம் உணவுக்குழாய்ப் புற்றுநோயால் வருந்துவதையும், நோவு தணிக்கும் பராமரிப்பே தமக்கு அளிக்கப்படுவதையும் புதிரொன்றின் விடைகளாகவே அமைத்து வாசகர்க்கு அறிவித்தார். ஃபரார் அம்மையாரின் விதிப்படி அச்சொற்கள் யாவும் விலக்குக்குரியன. ஆனால் நெடுங்காலம் அவரோடு மல்லாடிய வாசகர்கள் ஒவ்வோர் எழுத்தாக அச்செய்தியைக் கண்டறிந்து கண்கலங்கினர். புண்பட்டதாக எவரும் குறைகூறி நான் அறியேன். அவ்வாண்டு நவம்பர் 26ஆந் திகதி அவர் காலமானார். அவர் சொன்னது தம் சாவை. பிறர் சாவை விளையாட்டாக்கவில்லை.

இனி என் கதை. சுவர்ப் பத்திரிகையைப் படியெடுக்க வந்த நண்பரிடம் என் குறிப்பைக் காட்டி, விடை காணட்டும் என்று சிரித்துக்கொண்டு நின்றேன். அவர் நெடுநேரம் தாளையே பார்த்திருந்தார். அவருடைய தமையனார் கயிற்றில் தம்முயிரை மாய்த்துக்கொண்டவர். அது நான் அறியாததன்று. எழுதும்போது என் நினைவுக்கு வரவில்லை. "மாலை" என்று மெல்லிய குரலிற் சொல்லிவிட்டு, அவர் அடுத்த குறிப்பைப் படியெடுக்கத் தொடங்கினார்.

அன்றிரவே அதனை நீக்கிவிட்டு, "பூத்தொடுத்த பொழுது" என்று மாற்றினேன். மிகவும் இலகுவாயிருக்கின்றதென்று சுவரின் முன் கூடிய பாடசாலைப் பிள்ளைகள் குறைப்பட்டுக்கொண்டனர்.