டர்போபிராப் விமானங்கள்: பறந்தது எத்தனை, மிஞ்சியது எத்தனை?

புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்தின் ஓடுதளம் ஏறக்குறைய 1,500 மீட்டர்தான். ஏர்பஸ் 320 மாதிரியான பெரிய ஜெட் விமானங்களுக்கு இது போதாது. 2013-ல் ஸ்பைஸ்ஜெட் கொண்டுவந்த கியூ400, 2015-ல் வந்த ஏ.டி.ஆர். 42, 2024 டிசம்பரில் இண்டிகோ தொடங்கிய ஏ.டி.ஆர். 72 ஆகிய மூன்றுமே டர்போபிராப் வகை. புரொப்பெல்லர் சுற்றுவதைப் பார்த்ததும் "ஐயோ, பழைய விமானமா?" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. பழையது இல்லை. ஆனால் அந்த வகைக்குப் பெரிய பழைய கதை இருக்கிறது.

ஜெட் விமானத்தில் இருப்பது போன்ற டர்பைன் எஞ்சின்தான் இதிலும். வித்தியாசம், அந்தச் சுழற்சியைப் பல்சக்கரங்கள் வழியாகப் புரொப்பெல்லருக்குக் கொடுப்பார்கள். குறைந்த தூரம், சின்ன ஓடுதளம், குறைந்த எரிபொருள் என்றால் இன்றைக்கும் இதுதான் சரி. இப்படிப்பட்ட முதல் பயணிகள் விமானம் பிரிட்டனின் விக்கர்ஸ் வைகவுண்ட். 1948-ல் முதலில் பறந்தது. 1950 ஜூலை 29 அன்று லண்டனிலிருந்து பாரிசுக்குப் பயணிகளை ஏற்றிச் சென்றது. நம் இந்தியன் ஏர்லைன்ஸ் 1957-லேயே வைகவுண்ட் வாங்கிவிட்டது என்பது குறிப்பிடத்தக்கது. அதே ரோல்ஸ்ராய்ஸ் டார்ட் எஞ்சினோடுதான் பிறகு ஃபோக்கர் எஃப்27 வந்தது, ஆவ்ரோ 748-ம் வந்தது.

இதில் ஆவ்ரோவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அது பாதி நம் நாட்டு விமானம்! பிரிட்டனில் முதல் ஆவ்ரோ 1960 ஜூனில் பறந்தது. கான்பூரில் உரிமம் பெற்றுக் கட்டிய முதல் ஆவ்ரோ 1961 நவம்பர் 1 அன்று பறந்தது. முந்தைய ஆண்டு காலமான விமானப்படைத் தளபதி சுப்ரதோ முகர்ஜியின் நினைவாக அதற்கு 'சுப்ரதோ' என்று பெயர் வைத்தார்கள். பிறகு ஹெச்.ஏ.எல். நிறுவனம் பொறுப்பேற்று, மொத்தம் 89 ஆவ்ரோக்கள் கான்பூரில் தயாராயின. அதில் 17 இந்தியன் ஏர்லைன்சுக்கு, மற்றவை விமானப்படைக்கு.

தெற்கே இந்த விமானம் தொட்ட சம்பவங்கள் பல. எல்லாம் இனிமையானவை அல்ல. 1971 டிசம்பர் 9 அன்று திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஆவ்ரோ, சின்னமனூர் பக்கம் மேகமலையில் மோதி 21 பேர் இறந்தார்கள். 1978 செப்டம்பர் 7 அன்று, இலங்கையில் புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த நாளில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரத்மலானையில் நின்றிருந்த ஏர் சிலோன் ஆவ்ரோ குண்டு வெடித்து எரிந்தது. பயணிகள் இறங்கிவிட்டதால் உயிர்ச்சேதம் இல்லை. 1999 ஜனவரி 11 அன்று, முதுகில் பெரிய ரேடார் தட்டைச் சுமந்து சோதனைக்குப் பறந்த ஆவ்ரோ அரக்கோணம் அருகே விழுந்தது. விஞ்ஞானிகள் நால்வரும் விமானப்படையினர் நால்வரும் இறந்தார்கள். அந்த ரேடார் திட்டமே அதோடு முடங்கியது.

ஒரு காலத்தின் கல்யாணம், வேலை, அரசியல், போர், அறிவியல் எல்லாவற்றையும் சுமந்த விமானம். அதன் படங்கள் எத்தனை இருக்கின்றன என்று தேடினால் ஏமாற்றம்தான். காரணம் நம் சோம்பல் மட்டுமில்லை, சட்டமும்கூட. 1937-ஆம் ஆண்டு விமான விதிகளில் 13-ஆவது விதிப்படி, அனுமதி இல்லாமல் விமான நிலையத்தில் படம் எடுக்கக் கூடாது. பயணிகள் விமானத்துக்குள் படம் எடுக்கலாம் என்ற தளர்வு 2004-ல்தான் வந்தது. அதற்குள் இந்தியன் ஏர்லைன்சின் வைகவுண்ட், ஃபோக்கர், ஆவ்ரோ எல்லாம் சேவையிலிருந்து போய்விட்டன. அலுமினியம் நல்ல விலைக்குப் போகும் உலோகம். காயலான் கடைக்குப் போன விமானம் பாத்திரமாகத் திரும்பி வந்திருக்கலாம்!

இதே புதுச்சேரியில் செயின்ட் லூயி வீதியில் 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கோயில்களையும் சிற்பங்களையும் எடுத்த ஒரு லட்சத்துக்கும் மேலான புகைப்படங்கள் அங்கே உள்ளன. பிற்பாடு களவுபோன சிலைகளை அடையாளம் காட்டியவை அந்தப் படங்கள்தான். எந்த ஊர், எந்த ஆண்டு என்ற குறிப்பு இருந்ததால்தான் அது முடிந்தது. விமானப் படத்துக்கும் அதே கணக்குதான். வாலருகே எழுதியிருக்கும் பதிவெழுத்து, இடம், தேதி மூன்றும் இருந்தால் அது ஆவணம். இல்லாவிட்டால் வெறும் அழகான படம்.

அருங்காட்சியகங்களைப் பார்த்தால், அதிர்ஷ்டம் கடற்படை விமானங்களுக்கு அடித்திருக்கிறது. 1988-ல் சோவியத் நாட்டிலிருந்து வந்த எட்டு டூப்போலெவ் 142 விமானங்கள் 1992 முதல் அரக்கோணம் ராஜாளி தளத்திலிருந்து பறந்தன. நான்கு டர்போபிராப் எஞ்சின்கள், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு புரொப்பெல்லர். போர் விமானம்தான் என்றாலும், 1959-ல் குருஷ்சேவை அமெரிக்காவுக்குக் கொண்டுபோன டூப்போலெவ் 114 பயணிகள் விமானத்துக்கு இது நெருங்கிய சொந்தம். 2017 மார்ச் 29-ல் ஓய்வுபெற்றதும், ஒரு விமானம் விசாகப்பட்டினத்துக்குக் கடைசியாகப் பறந்தது. அதைப் பிரித்துக் கடற்கரைச் சாலைக்குக் கொண்டுவந்து மறுபடி பூட்டினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் குடியரசுத் தலைவர் திறந்துவைத்தார். உள்ளே ஏறியே பார்க்கலாம். ஒரே கவலை உப்புக்காற்று. கடற்கரை ஊரில் ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அலுமினியம் துருப்பிடிக்காது என்பார்கள், ஆனால் வெள்ளைப் பொடியாக உதிரும். ஆண்டுதோறும் கழுவி, பூசி, பார்த்துக்கொள்ள ஆளும் பணமும் வேண்டும்.

படம் எடுப்பவரும் அருங்காட்சியகமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஸ்டீபன் பியர்சி என்ற இளைஞர் உலகெங்கும் சுற்றிப் பழைய புரொப்பெல்லர் விமானங்களைப் படம் எடுத்தார். 1979-ல் 'புரொப்லைனர்' என்ற பத்திரிகையையும் தொடங்கினார். 1984-ல் ஜெர்மனியில் ஒரு விமான விபத்தில் இறந்துபோனார். ஒரு விமான நிறுவனம் தன் வைகவுண்ட் ஒன்றுக்கு அவர் பெயரை வைத்தது. 1988-ல் தரையில் மோதலில் சேதமான அந்த விமானத்தைப் பிற்பாடு ப்ரூக்லண்ட்ஸ் அருங்காட்சியகம் வாங்கிச் சீர்செய்தது. வைகவுண்ட் பிறந்த நிறுவனத்தின் பழைய இடத்திலேயே, படம் எடுத்தவரின் பெயரோடு அது நிற்கிறது.

நம் ஆவ்ரோவுக்கு இனி அதிக நாள் இல்லை. விமானப்படை ஆவ்ரோக்களுக்குப் பதிலாக 56 சி295 விமானங்கள் வாங்க 2021 செப்டம்பரில் ஒப்பந்தமானது. 2023-ல் முதல் விமானம் வந்தது. 40 விமானங்களை வதோதராவில் கட்டுகிறார்கள். புதியது ஒன்று வர வர, பழையது ஒன்று ஓரங்கட்டப்படும். அவற்றில் ஒன்றையாவது கான்பூரிலோ சென்னையிலோ கூரைக்குக் கீழே நிறுத்தினால் நல்லது. திறந்தவெளியில், சாலைச் சந்திப்பில், பீடத்தின் மேல் ஏற்றிவைத்தால் பத்து மழைக்காலத்தில் அதுவும் காயலான்தான்.

அதுவரை வீட்டுப் பீரோக்களில் தேடலாம். மீனம்பாக்கத்தில் வழியனுப்பப் போன குடும்பங்களில், விதியை மீறியோ தெரியாமலோ எடுத்த படம் ஒன்றிரண்டு இருக்கும். மாலை போட்ட மாமாவுக்குப் பின்னால் நீல வால் தெரிந்தால், அதில் 'வி.டி.' என்று தொடங்கும் எழுத்துகளைப் படித்து, படத்தின் பின்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள். பேனா வேண்டாம், மை ஊறிவிடும்.