‘செக்’ என்னும் சொல்லின் வரலாறு

சொற்களுள் சில, ஒரே பொருளோடு நின்றுவிடுகின்றன. வேறு சில, காலந்தோறும் புதுப்பொருள்களைத் தாங்கி, வீட்டிலும் கடைவீதியிலும் அரசு மன்றத்திலும் ஒருசேர உலவுகின்றன. ஆங்கிலத்தில் அத்தகைய சொற்களுள் ஒன்று ‘செக்’. நம் மக்களின் நாவிலும் அது நன்கு பழகிவிட்டது. ஆதலின் அதன் வரலாற்றை ஆராய்வது பயனுடையதாகும்.

வங்கிக் காசோலை ‘செக்’. கணக்கைச் சரிபார்ப்பது ‘செக்’ செய்தல். வண்டிகளை நிறுத்திச் சோதிக்கும் சாவடி ‘செக்போஸ்ட்’. பேருந்தில் ஏறிப் பயணச்சீட்டைக் கேட்பவர் ‘செக்கர்’. நாம் உடுத்தும் கைலியில் உள்ள கட்டமும் ஆங்கிலத்தில் ‘செக்’ தான். இவையன்றி, ஒருவனைத் தடுத்து நிறுத்துவதையும், பொங்கிவரும் சினத்தை அடக்குவதையும் ஆங்கிலேயர் அச்சொல்லாலேயே குறிப்பர். அமெரிக்க உணவகங்களில் உண்டபின் கொண்டுவந்து வைக்கும் பில்லுக்கும் அதுவே பெயர். தம்முள் தொடர்பற்றவை போலத் தோன்றும் இத்தனை பொருள்கள் ஒரே சொல்லுக்கு எவ்வாறு வாய்த்தன?

விடை சதுரங்கப் பலகையில் இருக்கிறது. இந்தியாவில் ‘சதுரங்கம்’ எனப் பெயர்பெற்ற ஆட்டம், பாரசீகத்திற்குச் சென்று ‘சத்ரங்க்’ ஆயிற்று. கி.பி. 7ஆம் நூற்றாண்டில் பாரசீகம் முஸ்லிம்களின் ஆட்சிக்குள் வந்தபின், அரபியில் ‘ஷத்ரஞ்ச்’ என்று வழங்கலாயிற்று. அப்பாஸியர் காலத்தில் அல்-அத்லீ, அஸ்-ஸூலீ ஆகியோர் அதுபற்றித் தனி நூல்களே இயற்றினர். அதனை ஆடலாமா கூடாதா என்பதில் மார்க்கச் சட்ட மேதைகளிடையே கருத்து வேறுபாடு உண்டு; அஃது ஈண்டு நம் ஆய்வுக்கு உரியதன்று.

அவ்வாட்டத்தின் தலைமைக் காய் அரசன். பாரசீகத்தில் அரசன் ‘ஷாஹ்’. எதிரியின் அரசனைத் தாக்கும்போது ‘ஷாஹ்’ என்று சொல்லி எச்சரிப்பது முறை. அரசன் தப்ப வழியின்றி அகப்பட்டால் ‘ஷாஹ் மாத்’. ‘மாத்த’ என்னும் அரபு வினையைக் கொண்டு, ‘அரசன் இறந்தான்’ என இதற்குப் பொருள் சொல்வோர் உளர். ஆனால், பாரசீகத்தில் ‘மாத்’ என்பது திகைத்தவனையும் செயலற்றவனையும் குறிக்கும். ஆட்டத்தில் அரசன் வெட்டப்படுவதில்லை; அகப்பட்டு நிற்கிறான். எனவே பாரசீகப் பொருளே நமக்குப் பொருத்தமாகப் படுகிறது.

அரபுகளிடமிருந்து ஐரோப்பியர் இவ்வாட்டத்தைக் கற்றபோது, ‘ஷாஹ்’ என்னும் சொல்லும் உடன் சென்றது. இலத்தீனில் ‘ஸ்காக்குஸ்’, பழைய பிரெஞ்சில் ‘எஸ்செக்’ எனத் திரிந்து, ஆங்கிலத்தில் ‘செக்’ ஆயிற்று. ‘ஷாஹ் மாத்’ என்பதே ‘செக்மேட்’. ‘செஸ்’ என்னும் ஆட்டப்பெயரும் அதே பிரெஞ்சுச் சொல்லின் பன்மையிலிருந்து வந்ததுதான்.

இனிப் பொருள் விரிந்த வகையைக் காண்போம். அரசனுக்குத் தாக்குதல் வந்துவிட்டால், அதனை நீக்கும் வரையில் வேறெந்த ஆட்டமும் ஆட இயலாது. இதனால் ‘செக்’ என்பதற்குத் தடை, கட்டுப்பாடு என்னும் பொருள்கள் உண்டாயின. பிழையும் மோசடியும் நேராமல் தடுப்பதற்காகவே கணக்கைப் பார்ப்பதால், சரிபார்த்தல் என்னும் பொருள் கிளைத்தது. பலகையின் கட்டங்களிலிருந்து துணியின் கட்டம் பெயர் பெற்றது.

பலகை அரசாங்கக் கருவூலத்திலும் புகுந்தது. இங்கிலாந்து மன்னர் 2ஆம் ஹென்றியின் பொருளாளர் ரிச்சர்டு ஃபிட்ஸ்நீல், 1170களின் பிற்பகுதியில் இதனை விவரித்து ஒரு நூல் எழுதினார். சுமார் 10 அடி நீளமும் 5 அடி அகலமும் உள்ள மேசை. அதன்மேல் கோடுகள் இட்ட கரிய துணி. அதில் காசுகளை வைத்து நகர்த்தி மாவட்ட அதிகாரிகளின் வரிக்கணக்கைத் தீர்ப்பார்கள். சதுரங்கப் பலகையை ஒத்திருந்ததால் அம்மன்றம் ‘எக்ஸ்செக்கர்’ எனப்பட்டது. இன்றும் பிரிட்டனின் நிதியமைச்சர் அப்பெயராலேயே அழைக்கப்படுகிறார்.

18ஆம் நூற்றாண்டில், பணம் வழங்கும் சீட்டுகளில் மோசடி நேராதிருக்க ஒப்பிட்டுப் பார்க்கும் அடிக்கட்டைக்குச் ‘செக்’ என்று பெயர் வைத்தனர். பின்னர் அப்பெயர் சீட்டுக்கே ஆகிவந்தது. ‘எக்ஸ்செக்கர்’ என்னும் சொல்லின் சாயலால் பிரிட்டனில் அதன் எழுத்து மாறியது. அமெரிக்கரோ பழைய எழுத்தையே வைத்துக்கொண்டனர்.

இங்கே நாம் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். ‘செக்’ என்பது ‘ஸக்’ என்னும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது என்று நம் மேடைகளில் பெருமிதத்தோடு கூறப்படுவதுண்டு. எழுத்துமூலமான பண ஆணைக்கும் பற்றுச்சீட்டுக்கும் ‘ஸக்’ என்பது பெயர். 10ஆம் நூற்றாண்டில் மேற்கு ஆப்பிரிக்க வணிகத்தைப் பற்றி எழுதிய இப்னு ஹவ்கல், 42,000 தீனாருக்கான ஒரு ‘ஸக்’கைக் கண்டதாகக் குறிக்கிறார். எனினும் ஒலி ஒத்திருப்பது மட்டுமே சொற்பிறப்புக்குச் சான்றாகாது. ஆங்கிலச் சொல்லின் அடிச்சுவடு, தடுத்தல், சரிபார்த்தல், அடிக்கட்டை என்று படிப்படியாகச் சதுரங்கத்திற்கே நம்மை இட்டுச்செல்கிறது. ‘ஸக்’ என்பதையே பாரசீகத்திலிருந்து வந்த சொல் என்று அரபு அகராதி ஆசிரியர்கள் ஒளிக்காமல் எழுதிவைத்துள்ளனர். அந்த நேர்மை நமக்கும் வேண்டும்.

‘ஸக்’கின் சிறப்பு ஆங்கிலச் சொல்லுக்குத் தாயாயிருப்பதில் இல்லை. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் ‘முவத்தா’வில் ஒரு செய்தி உண்டு. மர்வான் இப்னுல் ஹகமின் காலத்தில், அல்-ஜார் துறைமுகத் தானியத்திற்காக மக்களுக்குச் சீட்டுகள் வழங்கப்பட்டன. தானியம் கைக்கு வருமுன்பே மக்கள் அச்சீட்டுகளை வாங்கி விற்கத் தொடங்கினர். ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் மற்றொரு தோழருடன் சென்று, இது வட்டியை ஆகுமாக்குவதாகாதா என்று ஆட்சியாளரிடமே இடித்துரைத்தார்கள். மர்வான் காவலரை அனுப்பி அச்சீட்டுகளை மீட்டு உரியவர்களிடம் சேர்ப்பித்தார். அச்சீட்டுகளை அந்நூல் ‘ஸுகூக்’ என்று அழைக்கிறது. அது ‘ஸக்’கின் பன்மை. இன்று மலேசியாவிலும் வளைகுடா நாடுகளிலும் வழங்கும் இஸ்லாமிய நிதிப் பத்திரங்களுக்கும் அதுவே பெயர்.

கையில் இல்லாத பொருளைக் காகிதத்தால் விற்று ஆதாயம் தேடும் பழக்கத்திற்குத் தடையிட்ட வரலாறு இது. நம் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியது இதுவே. ‘செக்’ நம்முடையதென்று ஐயத்திற்குரிய உரிமை கொண்டாடுவதைவிட, ‘ஷாஹ்’ அதன் மூலமென்பதைச் சான்றோடு விளக்கி, ‘ஸக்’ புகட்டும் நீதியையும் எடுத்துரைப்பதே அறிவு என்னும் அமானிதத்தைப் பேணுவதாகும்.