ஹெவ்லொக் டவுனின் வீட்டுத்தோட்டங்கள்

கொழும்பு 5இல் அடங்கும் ஹெவ்லொக் டவுன், 1890 முதல் 1895 வரை இலங்கையின் ஆளுநராக இருந்த சேர் ஆர்தர் ஹெவ்லொக்கின் பெயரைத் தாங்கியது. பிற்பாடு அவர் சென்னை மாகாண ஆளுநராகவும் இருந்தார். பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் கிழக்கே விரியும் இப்பகுதியில், வீட்டைச் சுற்றி வளவு விட்டுக் கட்டும் வழக்கம் பிரித்தானியர் காலத்தில் நிலைபெற்றது. ஆனால் அந்த வளவில் செடி வளர்ப்பது எளிதாக இருந்ததில்லை. பட்டுப்போன செடியைப் பார்த்துத் தமக்குக் கைராசி இல்லை என்று வீட்டார் நொந்துகொண்டாலும், பெரும்பாலும் மண்ணும் மழையும் சுருங்கிவந்த காணியுமே அதற்குக் காரணம்.

கொழும்பில் ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. ஏப்ரல், மே மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் அது உச்சம் தொடும். இந்த மழை மண்ணிலுள்ள கல்சியத்தையும் மக்னீசியத்தையும் பொட்டாசியத்தையும் கரைத்துக் கொண்டுபோகிறது. எஞ்சுவது அமிலத்தன்மை மிகுந்த செம்மண். இரும்பும் அலுமினியமும் பொசுபரசைப் பிடித்துவைத்துக்கொள்வதால், மண்ணில் அது இருந்தும் வேருக்குக் கிட்டுவதில்லை. சற்று ஆழத்தில் கபூக் எனப்படும் செம்பூராங்கல் தட்டுப்படும் இடங்களில் வேர் கீழிறங்கவும் வழியில்லை. டொலமைற்றும் கூட்டெருவும் இடாத மண்ணில் நட்ட தக்காளி, காய்க்கும் தறுவாயில் வாடல் நோய்க்குப் பலியாவது இங்கு வழக்கமான காட்சி.

இம்மண்ணுக்கு ஒத்துவந்த பயிர் கறுவா. ஒல்லாந்தர் 1769 அளவில் மருதானையில் அதைத் தோட்டப் பயிராக்கினர். கறுவாத்தோட்டம் என்ற பெயர் கொழும்பு 7இல் இன்றும் நிலைக்கிறது. பிரித்தானியரின் பங்களாக்களில் புல்தரையும் பூஞ்செடிகளும் முன்னால் வந்தன. 1821இல் அமைந்த பேராதனைத் தாவரவியல் பூங்காவில் பணியாற்றிய எச். எப். மக்மிலன், வெப்பவலயத் தோட்டக்கலைக்கு ஒரு கைந்நூலை 1910இல் வெளியிட்டார். 1921இல் கொழும்புக்கு வந்த நகரத் திட்டவியலாளர் பற்றிக் கெடிஸ், மரங்களும் வளவுகளும் நிறைந்த தோட்ட நகரமாக அது வளரவேண்டும் என்று திட்டம் வகுத்தார்.

யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகம் பார்க்க வந்து இப்பகுதிகளில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள், ஊர்ச் செடிகளையும் கொண்டுவந்தன. யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புக் கல்லின் மேல் நீர் தேங்காத செம்மண். மழையும் பெரும்பாலும் மாரியோடு முடிந்துவிடும். அங்கே செழித்த முருங்கை, கொழும்பின் ஈரத்தில் வேரழுகிச் சாய்ந்தது. பூக்கும் காலத்தில் வறட்சி வேண்டும் கறுத்தக்கொழும்பான் மாவோ, மழையில் பூ கருகி உதிரக் காயின்றி நின்றது. ஈரப்பலா, ஜம்பு, அம்பரெல்லா, ரம்பை ஆகியவை தாமாகவே தழைத்தன. செவ்வரத்தை வேலியானது.

நெருக்கடிகள் பூந்தோட்டத்தை மரக்கறித் தோட்டமாக்கின. 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அரிசி வரத்து நின்றது. உணவுப் பயிர் செய்யும்படி அரசு தூண்ட, வளவுகளில் மரவள்ளி ஏறியது. குச்சியை ஊன்றினாலே வளர்வதாலும், வளமற்ற அமில மண்ணைத் தாங்குவதாலும் அனுபவமில்லாதவருக்கும் அது கைகொடுத்தது. 1970களில் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது யாழ்ப்பாண விவசாயிகள் ஆதாயம் கண்டனர்; கொழும்பில் மீண்டும் மரவள்ளியே கிண்டப்பட்டது.

பின்னர் காணியே சுருங்கியது. பிள்ளைகளுக்குப் பங்கு பிரித்தபோது பெரிய வளவுகள் துண்டாகின. 1986இன் நகர அபிவிருத்தி ஒழுங்குவிதிகள் வீட்டுக்காணியின் குறைந்தபட்ச அளவை 150 சதுர மீற்றர், அதாவது ஏறத்தாழ 6 பேர்ச் என்று வகுத்தன. வீடு போக எஞ்சிய ஒடுங்கிய இடத்தில் மதிலின் நிழல் விழுந்தது. கட்டட இடிபாடு மேல்மண்ணை மூடியது. 1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக எழுந்த வன்செயலுக்குப் பின் பல தமிழ்க் குடும்பங்கள் வெளிநாடு சென்றன. அடுத்துவந்த தசாப்தங்களில் பழைய வளவுகள் பலவற்றில் தொடர்மாடிகள் எழுந்தன. வெள்ளவத்தை நூல், நெசவு ஆலை இருந்த பெருநிலத்தில் ஹெவ்லொக் சிட்டி உயர்ந்தது.

சாடிகளுக்குச் சுருங்கிய தோட்டத்தைச் சட்டமும் கண்காணிக்கத் தொடங்கியது. நுளம்பு பெருகும் இடங்களை வைத்திருப்பதை 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் குற்றமாக்கியது. நாட்டில் 1,86,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கு கண்ட 2017இல், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் சாடித் தட்டுகளில் தேங்கிய நீரையும் சோதித்தனர்.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் தடை நீக்கப்பட்டது. பொருளாதாரம் குலைந்த 2022 ஜூனில், அரச ஊழியர் வீட்டில் பயிரிடவும் எரிபொருளை மிச்சப்படுத்தவும் வெள்ளிக்கிழமை விடுமுறைக்கு அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. தொடர்மாடியில் வசித்தவருக்கோ பயிரிடப் பல்கனியும் மொட்டைமாடியும்தான் இருந்தன. அங்கே சாடியின் அடியில் துளையிட்டு, தும்புத்தூளும் கூட்டெருவும் கலந்து நிரப்புகிறார்கள். நீர் தேங்காதபடி தட்டை அகற்றிவிடுகிறார்கள். நான்கைந்து மணிநேர வெயில் கிடைத்தால் கறிவேப்பிலையும் மிளகாயும் பிழைக்கின்றன. வெயில் குறைந்த மூலைக்கு ரம்பையும் வல்லாரையும் போதும்.