சட்டம் என்னும் சொல்

தமிழில் ‘சட்டம்’ என்னும் ஒரே சொல் இருபொருள் சுமந்து நிற்கிறது. ஆள்வோர் இயற்றும் கட்டளையும் சட்டமே. அக்கட்டளையின் நேர்மையை அளக்கும் நெறியும் சட்டமே. இலத்தீன் மொழி முன்னதை லெக்ஸ் என்றும், பின்னதை யூஸ் என்றும் பிரித்து வழங்கிற்று. ருஷ்ய மொழியிலும் ஸகோன், பிராவா என இரு சொற்கள் உள. இவற்றின் உறவு குறித்து அந்நாட்டறிஞர் நெடுங்காலம் வாதிட்டனர். அரசின் ஆணையே சட்டம் என்றார் ஷெர்ஷெனேவிச். மனிதர் உள்ளத்தெழும் உரிமை, கடமை உணர்விலேயே அது வேர்கொண்டுள்ளது என்றார் பெத்ராஷித்ஸ்கி. சோவியத் சட்ட அறிஞர் பஷுகானிஸ் 1937இல் சுட்டுக் கொல்லப்பட்டார். மறு ஆண்டு விஷின்ஸ்கி, ஆளும் வர்க்கத்தின் விருப்பத்தை அரசின் வலிமையால் நிலைநாட்டும் விதிகளே சட்டம் என வரையறுத்தார். அங்கே வாதம் அடங்கிற்று.

நம் நாட்டில் இவ்வினா சென்னை இராஜ்யச் சிறையொன்றிலிருந்து எழுந்தது. 1947 டிசம்பர் முதல் காவலிலிருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலனுக்கு, 1950 மார்ச் 1 அன்று புதிய தடுப்புக் காவல் சட்டத்தின்கீழ் மீண்டும் ஓர் ஆணை வழங்கப்பட்டது. சட்டம் நிலைநாட்டிய நடைமுறைப்படியன்றி எவருடைய உயிரையும் தன்னுரிமையையும் பறிக்கலாகாது என்பது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு. அதிலுள்ள ‘சட்டம்’ லெக்ஸா, யூஸா? யூஸே என வாதிட்டார் கோபாலனின் வழக்கறிஞர் எம். கே. நம்பியார். மாஸ்கோவைப் போற்றிய கட்சியின் தலைவருக்காக, மாஸ்கோ கைவிட்ட கொள்கை வாதிடப்பட்டது வேடிக்கைதான்!

இத்தொடரின் ஆபத்தை முன்னரே கண்டவர் உண்டு. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில், சென்னையின் முஸ்லிம் உறுப்பினர் மஹ்பூப் அலி பேக் சாஹிப் இதனை எதிர்த்துத் திருத்தம் கோரினார். ஜப்பானிய அரசியல் சட்டத்திலிருந்து தொடரை எடுத்தவர்கள், அங்கே அதனைச் சூழ்ந்து நிற்கும் பாதுகாப்புகளை விட்டுவிட்டனர் என்பது அவர் முறையீடு. திருத்தம் ஏற்கப்படவில்லை.

1950 மே 19 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாடாளுமன்றம் இயற்றியதே சட்டம் என்றனர் பெரும்பான்மையோர். காவலின் காரணங்களை நீதிமன்றத்திலும் வெளியிடலாகாது என்ற 14ஆம் பிரிவு மட்டும் செல்லாததாயிற்று. ஆறு நீதிபதிகளுள் நீதியரசர் சையித் ஃபஸ்ல் அலி தனித்து நின்றார். முன்னறிவிப்பு, தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பு, நடுநிலையான மன்றம், ஒழுங்கான விசாரணை ஆகிய நான்கும் இல்லாத நடைமுறையைச் சட்டம் நிலைநாட்டிய நடைமுறையாகக் கொள்ள அவர் மறுத்தார். ஓய்வில் பல பதவிகள் வகித்து 1959இல் மறைந்த அவர், தம் கருத்து வென்றதைக் காணவில்லை. 1978 ஜனவரி 25 அன்று மேனகா காந்தி வழக்கில், நடைமுறை நியாயமானதாயிருத்தல் வேண்டும் என உச்ச நீதிமன்றம் ஏற்றது. அத்தீர்ப்பை வழங்கிய எழுவருள் அவர் மைந்தர் முர்தஸா ஃபஸ்ல் அலியும் ஒருவர்.

எனினும் வெற்றி முழுமையன்று. சென்னைக்கு மேற்கே பூந்தமல்லியிலிருந்த தடா சிறப்பு நீதிமன்றம், ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. பொதுச் சட்டம் ஏற்காத, காவல்துறை அதிகாரியிடம் அளித்த வாக்குமூலத்தைத் தடா ஏற்றது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம், இவ்வழக்கில் தடாக் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்றது. 19 பேர் விடுதலையாயினர். ஆயினும் தடாவின்கீழ் பெற்ற வாக்குமூலங்கள் எஞ்சியோருக்கு எதிரான கொலைக் குற்றத்துக்குச் சான்றாகவே நின்றன.