மின்கலமும் வினைவெப்பமும்: ஒரு நூற்றாண்டுக் கணக்கு

மயில்துத்தக் (தாமிர சல்பேட்) கரைசலில் ஒரு துத்தநாகத் துண்டை இட்டால் அதன்மேல் தாமிரம் படிகிறது, நீல நிறம் வெளுக்கிறது, கரைசல் சூடேறுகிறது. ஒரு மோல், அதாவது சுமார் 65 கிராம் துத்தநாகம் இப்படிக் கரையும்போது ஏறத்தாழ 219 கிலோஜூல் வெப்பம் வெளிப்படும். துத்தநாக அணு இரண்டு எலக்ட்ரான்களை இழக்கிறது. தாமிர அயனி அவற்றை அதே இடத்தில் ஏற்கிறது. இழக்கும் இடத்தையும் ஏற்கும் இடத்தையும் பிரித்து, கரைசல்களுக்கிடையே அயனிகள் செல்ல மட்டும் வழிவிட்டு, உலோகங்களைக் கம்பியால் இணைத்தால் எலக்ட்ரான்கள் கம்பி வழியாகவே போயாக வேண்டும். அதுதான் மின்கலம். வெப்பமாகப் போயிருக்க வேண்டிய ஆற்றல் மின்னாற்றலாகிறது என்று பள்ளி மாணவர்கூடச் சொல்லிவிடுவார். ஆனால் அந்த வெப்பம் முழுவதும் மின்னாகிறதா, ஒரு பகுதி மட்டுமா, சில வேளைகளில் அதற்கு மேலுமா? இதற்கு விடை கிடைக்க 19ஆம் நூற்றாண்டு முழுவதும் தேவைப்பட்டது. அந்தத் தாமதத்தில் ஒரு பங்கு, எல்லோரும் நம்பிக் கையாண்ட டேனியல் கலத்தையே சேரும்.

அலெசாண்ட்ரோ வோல்டா தமது மின்அடுக்கை 1800 மார்ச் 20 அன்று லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு எழுதிய கடிதத்தில் அறிவித்தார். வெள்ளி, துத்தநாக வில்லைகளை மாறி மாறி அடுக்கி, ஒவ்வோர் இணைக்கும் இடையே உப்புநீரில் நனைத்த அட்டையை வைத்த அமைப்பு அது. இருவேறு உலோகங்கள் தொட்டுக்கொள்வதே மின்சாரத்துக்குக் காரணம் என்றும், ஈர அட்டை வெறும் கடத்தி என்றும் அவர் கருதினார். துத்தநாகம் அரிக்கப்படுவதை அவர் பொருட்படுத்தவில்லை. தொடுகையே காரணம் என்றால் எதுவும் செலவாகாமல் மின்சாரம் ஓயாது வர வேண்டும். அந்த முடிவு அவரை உறுத்தவில்லை. ஆற்றல் அழிவின்மை விதி உருவாக இன்னும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்த காலம் அது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

அதே 1800இல் பிரிஸ்டலில் இருந்த ஹம்ப்ரி டேவி, துத்தநாகம் ஆக்சிசனேற்றம் அடையும் சூழலில் மட்டுமே அடுக்கு வேலை செய்கிறது என்று காட்டினார். இருந்தும் தொடுகைக் கொள்கை எளிதில் சாயவில்லை. அதன்மேல் விழுந்த வலுவான அடி மைக்கேல் ஃபாரடேயினுடையது. மின்பகுப்பில் விடுபடும் பொருளின் அளவும் செலுத்தப்படும் மின்சாரத்தின் அளவும் ஒன்றுக்கொன்று நேர்விகிதம் என்று 1833-34 ஆய்வுகளில் அவர் நிறுவினார். எதையும் செலவழிக்காமல் ஆற்றலைத் தரும் தொடுகை, இல்லாததிலிருந்து ஆற்றலைப் படைப்பதற்குச் சமம் என்று 1840இல் வாதிட்டார். இரு உலோகங்கள் தொடும் இடத்தில் மின்னழுத்த வேறுபாடு எழுவது உண்மையே. அந்த அளவில் வோல்டா சொன்னதிலும் பொருள் இருந்தது. ஆற்றலின் ஊற்றுக்கண் மட்டும் அங்கு இல்லை.

வேதிவினையின் ஆற்றலில் எவ்வளவு மின்னாகிறது என்பதை வோல்டாவின் அடுக்கைக் கொண்டு அளந்து பார்ப்பது கடினம். தாமிரம் அல்லது வெள்ளித் தகட்டில் ஹைட்ரஜன் குமிழ்கள் படிந்து மின்னோட்டம் விரைவில் தளர்ந்துவிடும். லண்டன் கிங்ஸ் கல்லூரிப் பேராசிரியர் ஜான் ஃபிரடெரிக் டேனியல் 1836இல் இந்தக் குறையைத் தீர்த்தார். தாமிரத்தைத் தாமிர சல்பேட் கரைசலிலும், துத்தநாகத்தை நீர்த்த கந்தக அமிலத்திலும் தனித்தனியே வைத்தார். ஹைட்ரஜனுக்குப் பதில் தாமிரமே தாமிரத்தின்மேல் படிந்ததால் மின்னழுத்தம் 1.1 வோல்ட் அளவில் நிலைத்து நின்றது. தந்தி நிலையங்கள் இதை விரும்பி ஏற்றன. ஆய்வகங்களுக்கோ இது அளவுகோலாயிற்று.

வெப்பக் கணக்கும் இதே காலத்தில் துல்லியம் பெற்றது. ஒரு வினை எத்தனை படிகளில் நடந்தாலும் மொத்த வெப்பம் மாறாது என்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஜெர்மைன் ஹெஸ் 1840இல் காட்டினார். மின்னோட்டம் கம்பியில் உண்டாக்கும் வெப்பத்தை ஜேம்ஸ் ஜூல் அளந்தார். இவற்றை இணைத்து, மின்கலத்தின் மின்னாற்றல் வினைவெப்பத்துக்குச் சமம் என்ற கருத்தில் ஹெர்மான் ஹெல்ம்ஹோல்ட்ஸும் வில்லியம் தாம்சனும் வந்து நின்றனர். தாம்சன் 1851இல் டேனியல் கலத்துக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க, கிடைத்த விடை அளந்த மதிப்புக்கு வெகு அருகில் இருந்தது.

அந்த ஒற்றுமை தற்செயலானது. இன்றைய மதிப்புகளின்படி, 219 கிலோஜூலை இரண்டு மோல் எலக்ட்ரான்களின் மின்னூட்டமான 1,92,970 கூலுமால் வகுத்தால் 1.13 வோல்ட் வரும். உண்மை மதிப்பு 1.10. வேறுபாடு 3 சதவீதம்தான். அக்கால வெப்ப அளவீட்டில் இது பிழைக்குள் மறைந்துபோகும். ஒரே கலத்தின் பொருத்தத்தைப் பொது விதியாகக் கொண்டது அறிவியலில் அரிதான சறுக்கல் அன்று; ஆனால் இது ஏறத்தாழ கால் நூற்றாண்டு நிலைத்தது. அதிக வெப்பம் தரும் திசையிலேயே வினைகள் நிகழும் என்று வேதியியலர்கள் தாம்சென், பெர்த்தலோ ஆகியோர் வகுத்த கொள்கையும் இதே எண்ண ஓட்டத்தைச் சேர்ந்தது.

விரிசல் 1870களில் தெரிந்தது. ஒரே உலோகம், ஒரே உப்பு, செறிவு மட்டும் வேறான இரு கரைசல்கள்: இத்தகைய கலங்களை ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1877இல் ஆராய்ந்தார். நீர்த்த கரைசல்களில் வினைவெப்பம் என்று சொல்ல ஏதும் இல்லை, மின்சாரமோ வருகிறது. வினைவெப்பம் முழுவதும் மின்னாவதில்லை என்று ஃபெர்டினாண்ட் பிரவுன் 1878இல் எழுதினார். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த வில்லார்ட் கிப்ஸ், கனெக்டிகட் அகாடமியின் இதழில் 1876, 1878 ஆண்டுகளில் வெளியிட்ட நீண்ட கட்டுரையில் இதற்கான கோட்பாட்டை முடித்தே வைத்திருந்தார். ஐரோப்பாவில் அதைப் படித்தவர் சிலரே. ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1882இல் தனிவழியில் அதே முடிவை அடைந்தார்.

முடிவு இதுதான்: வினையின் ஆற்றலில் வேலையாக மாறக்கூடிய பகுதி கட்டிலா ஆற்றல் எனப்படும். மின்னழுத்தம் இதையே அளக்கிறது, வெப்பத்தை அன்று. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு, ஆற்றல் சிதறலின் அளவான என்ட்ரோபியின் மாற்றத்தை வெப்பநிலையால் பெருக்கிய அளவு. வெப்பநிலை ஏற ஏற மின்னழுத்தம் குறைந்தால், கலம் தன் ஆற்றலில் ஒரு பகுதியைச் சூழலுக்கு வெப்பமாகத் தந்தாக வேண்டும். மின்னழுத்தமும் ஏறினால் சூழலிலிருந்து வெப்பத்தை வாங்கி அதையும் மின்னாக்கும். பாதரசமும் துத்தநாகமும் கொண்ட கிளார்க் கலம் முதல் வகை. அதன் 1.43 வோல்ட், ஒரு பாகை வெப்பநிலைக்குச் சுமார் 1.2 மில்லிவோல்ட் வீதம் குறையும். வினைவெப்பத்தில் ஐந்தில் நான்கு பங்குதான் மின்னாகும்.

கோட்பாட்டுக்கு மிகத் தெளிவான சான்று ஹங்கேரிய வேதியியலர் புகார்ஸ்கி 1897இல் ஆராய்ந்த பாதரசக் கலம். அதில் நடப்பது வெப்பங்கொள் வினை. பழைய விதிப்படி அது மின்சாரமே தரக்கூடாது, தந்ததோ 0.16 வோல்ட். மின்னழுத்தம் செறிவைச் சார்ந்திருப்பதற்கான சமன்பாட்டை வால்தர் நெர்ன்ஸ்ட் 1889இலேயே வகுத்திருந்தார். கம்பியில் ஓடுவது எலக்ட்ரான் என்று எவரும் அறியும் முன்பே இந்தக் கணக்குகள் ஏறக்குறைய முடிந்துவிட்டன, ஜே. ஜே. தாம்சன் அதைக் கண்டறிந்ததும் 1897இல்தான்.

பாடநூல்கள் இன்றும் டேனியல் கலத்தில்தான் தொடங்குகின்றன. மின்கலத்தின் அமைப்பை விளக்க அதைவிட எளிய கலம் இல்லை. ஆற்றல் கணக்கைக் கற்பிக்க அது ஏற்ற எடுத்துக்காட்டு அன்று; 286 கிலோஜூல் வினைவெப்பத்தில் அதிகபட்சம் 237ஐ மட்டுமே மின்னாக்கக்கூடிய ஹைட்ரஜன் எரிபொருள் கலமே அதற்குப் பொருத்தமானது.